பரணில் கிடைத்த ஒற்றைப் பக்கத் தட்டு: 78ல் ஓட்டினால் குரல் கீச்சென்று வருகிறது, ஏன்?

காவிரிக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தாத்தா வீட்டை விற்கப் போகிறோம். பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டியில், பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, பதினோரு கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. நாலு உடைந்துவிட்டன. மிச்சத்தில் பெரும்பாலும் நாய் மார்க் (எச்.எம்.வி.) போட்ட நாடகப் பாட்டுகள், அவற்றை இப்போதைக்கு விடுங்கள். என் சந்தேகம் ஒரே ஒரு தட்டைப் பற்றித்தான்.

10 அங்குலத் தட்டு. ஒரு பக்கம் மட்டும்தான் பாட்டு. மறுபக்கம் வழவழவென்று இருக்கிறது, நடுவில் சிறகு முளைத்த ஒரு குழந்தை உட்கார்ந்து எதையோ எழுதுகிற மாதிரி புடைப்பாக ஒரு சின்னம். பாட்டுப் பக்கத்து லேபிள் முக்கால்வாசி செல்லரித்துப் போய், ஆங்கிலத்தில் ஹனோவர் என்கிற சொல்லும் 13 என்று தொடங்குகிற ஒரு எண்ணின் பாதியும்தான் மிஞ்சியிருக்கின்றன. கும்பகோணத்துப் பரணுக்கு ஜெர்மனி எப்படி வந்தது என்று புரியவில்லை.

போன மாதம்தான் கணினியோடு இணைக்கிற டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன், அதில் 78 வேகமும் (நிமிடத்துக்கு 78 சுற்று) உண்டு. போட்டுக் கேட்டால் ஒரு பெண் குரல், கூடவே ஹார்மோனியம், வயலின் மாதிரி ஏதோ ஒன்று, பின்னால் டொக் டொக்கென்று மிருதங்கமோ தபலாவோ. குரல்தான் எட்டு வயதுக் குழந்தை அழுதுகொண்டே பாடுகிற மாதிரி கீச்சென்று இருக்கிறது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு வரி பேசுகிறார், பாடவில்லை, பேசுகிறார், ஆனால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"அந்தக் காலத்துல மைக் ஏது, பொம்பளைங்க எல்லாம் ஆறு கட்டையிலதான் பாடுவாங்க" என்கிறார் அப்பா. (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி ஏறும்.) எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிஜமாகவே இப்படித்தான் பாடினார்களா, இல்லை மெஷின் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை எழுதியது:

தம்பி, முதலில் அந்தத் தட்டை மறுபடி போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டர்ன்டேபிளோடு வந்த ஊசி பின்னால் வந்த பிளாஸ்டிக் எல்.பி. தட்டுக்கானது. எல்.பி.யின் பள்ளம் மெல்லியது, 78 தட்டின் பள்ளம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். மெல்லிய ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் போய்ப் புழுதியில் உட்கார்ந்துகொண்டு உழும். உங்களுக்குக் கேட்கிற இரைச்சலில் பாதி அதுதான். 78க்கு என்றே தனி ஊசி விற்கிறார்கள், உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். அதுவரை பொறுமை.

இரண்டாவது, துடைக்கிறேன் பேர்வழி என்று ஸ்பிரிட்டைத் தொட்டுவிடாதீர்கள். இந்தத் தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. கல்மாவும் கரியும் கலந்து அரக்கில் பிசைந்து அழுத்தியது. தச்சர் மேஜைக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. எண்பதுகளில் எனக்குத் தெரிந்த ஒருவர் மாமனார் வீட்டுத் தட்டை ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போட்டுப் பளபளவென்று துடைத்து எடுத்துவந்தார், தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது, பாட்டுதான் இல்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியைப் பிழிந்து, பள்ளம் போகிற வட்டத்திலேயே துடையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. ஊறப் போடக்கூடாது. நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

இப்போது உங்கள் தட்டு. சிறகு முளைத்த குழந்தை என்றீர்களே, அது தட்டில் இறகால் எழுதுகிற தேவதை. நாய் லேபிளுக்கு வருவதற்கு முன்னால் கிராமபோன் கம்பெனியின் முத்திரை அதுதான். ஒற்றைப் பக்கம், தேவதை, ஹனோவர் மூன்றும் சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் 1908க்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம்தான் கல்கத்தா சியால்தாவில் கம்பெனி தொழிற்சாலை திறந்தது. அதுவரை இங்கே பாடுவதை மெழுகில் வெட்டி, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள், ஹனோவரில் தட்டாக அழுத்தித் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விற்பார்கள். உள்ளே இருக்கிற அரக்கும் பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்குதான், அதுவும் இங்கிருந்து கப்பலேறிப் போய்த் தட்டாகித் திரும்பியது.

எண் 13ல் தொடங்குகிறது என்றால் அது பெண் குரல் வரிசை. ஆண்களுக்கு 12. பாடகர் யாரென்று தெரியாமலே குமாஸ்தா அலமாரியில் பிரித்து அடுக்கலாம்.

வேகத்துக்கு வருகிறேன். 78 என்பது பின்னால் வந்து நிலைத்த எண். அந்தக் காலத்தில் பதிவு மெஷினை மின்சார மோட்டார் சுற்றவில்லை, சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரு எடை கயிற்றில் தொங்கி இறங்க இறங்கத் தட்டு சுற்றும். அதை எவ்வளவு வேகத்தில் விடுவது என்பது பதிவு செய்கிற வெள்ளைக்காரர் கையில் இருந்தது. பாட்டு நீளமென்றால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றவிட்டு இடம் பிடிப்பார்கள். 70லிருந்து 82 வரை எதுவும் இருக்கலாம். 72ல் பதிந்ததை நீங்கள் 78ல் ஓட்டினால் சுருதி ஏறும், காலமும் ஓடும். அவ்வளவுதான் விஷயம், உங்கள் அப்பா சொல்கிற ஆறு கட்டை எல்லாம் வேண்டாம்.

செங்கோட்டை_சிவா எழுதியது:

ஊசிமுனை சார் சொன்னதில் மெஷின் சமாச்சாரம் எல்லாம் சரி, ஆனால் "அவ்வளவுதான்" என்று முடித்தீர்களே, அங்கேதான் இடிக்கிறது. எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் போட்டுவிட்டால் அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் இன்றைக்கு சபாவில் பாடுகிறவர்கள் மாதிரி ஒன்றரைக் கட்டையில் முனகிக்கொண்டிருந்தார்கள் என்று ஆகிவிடும்.

எங்கள் ஊர்க்காரர், நாடக நடிகர் கிட்டப்பா ஐந்தரைக் கட்டையில் பாடினார் என்று ஊரே சொல்லும். ஆண்பிள்ளை, ஐந்தரை! 1933ல் அவர் போகும்போது வயது 27தான். கொட்டகையில் கடைசி வரிசை அரையணா டிக்கெட்காரனுக்கும் கேட்கவேண்டும், மைக் கிடையாது, எதிரே கே.பி. சுந்தராம்பாள் அதே சுருதியில் நிற்கிறார். அந்தத் தொண்டைகள் வேறு. எங்கள் தாத்தா ஆலங்குளத்தில் நாடகம் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதே சுருதியில் பாட முயன்று தொண்டை கட்டிக்கொண்டு கிடந்தார் என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பாள்.

அதனால் காவிரிக்கரையான் அப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். அந்தப் பெண்மணி நிஜமாகவே ஐந்தில் பாடியிருக்கலாம். 78 சரியாகவே இருக்கலாம். எண்ணைக் குறைத்துக் குறைத்து நம் காதுக்குப் பழகின இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு "ஆகா, இதுதான் அசல்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கணினியில் பழைய பதிவுகளை ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். போன வருஷம் ஒரே தட்டு மூன்று இடத்தில் மூன்று சுருதியில் கிடந்தது, மூன்றின் கீழும் "அசல் பதிவு" என்று போட்டிருந்தது.

மைலாப்பூர்_பிடில் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நான் முப்பது வருஷமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தத் தட்டுகளைக் கேட்கிற பைத்தியமும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 78க்கும் 74க்கும் நாலு சுற்றுதான் வித்தியாசம். ஆனால் சுருதியில் அது கிட்டத்தட்ட அரைக் கட்டை. 72 என்றால் முக்கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே வேகம் ஒரு காரணம்தான், ஆனால் வேகத்தால் மட்டும் ஒரு மனுஷி எட்டு வயதுக் குழந்தை ஆகிவிடமாட்டாள். சிவா சொல்கிற மாதிரி அவர்கள் மேல் சுருதியில்தான் பாடினார்கள். பெண்கள் நாலரை, ஐந்து என்று பாடியது சர்வசாதாரணம்.

மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது, அதை இங்கே யாரும் சொல்லவில்லை. குழாய். 1925க்கு முன்னால் மைக்கில் பதிவே இல்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாய்க்குள் தலையை விட்டு அடிவயிற்றிலிருந்து பாடவேண்டும். அந்தக் காற்றின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் வெட்டும். மேல் ஸ்தாயியில் பாடும்போது குரல் வெடித்து ஊசி துள்ளும் என்பதால் பாடகரைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார்கள், கீழே வரும்போது முன்னால் தள்ளுவார்கள். நினைத்துப் பாருங்கள், ஒரு காம்போதியில் எத்தனை தடவை! அந்தக் குழாய்க்குக் கீழ்நாதமும் தெரியாது, உச்சியில் இருக்கிற மினுக்கமும் தெரியாது, நடுவில் இருப்பதை மட்டும் பிடிக்கும். நெஞ்சிலிருந்து வருகிற கனம் மெழுகுக்குப் போய்ச் சேரவே இல்லை. குரல் மெலிந்து மூக்கால் பாடுகிற மாதிரி கேட்பது அதனால்தான். தம்பூரா காணாமல் போய் ஹார்மோனியம் வந்து உட்கார்ந்ததும் அதனால்தான். தம்பூராவின் ரீங்காரம் குழாய்க்குக் கேட்காது, ஹார்மோனியம் சத்தம் போடும். மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடது பக்கம் போயே போய்விட்டது, நீங்கள் சொல்கிற டொக் டொக் வலந்தலை மட்டும்தான். வீணைதான் பாவம். தனம்மாளின் வீணையை 1930களில் மைக் வந்தபிறகு கொலம்பியா தட்டுக் கம்பெனியில் பதிந்தார்கள், அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் நாலு பேர் மூச்சை அடக்கிக் கேட்கிற வாசிப்பு அது. அவருடைய முப்பது வயது வீணையைப் பிடிக்கிற குழாய் எங்கேயும் இல்லை.

இன்னொன்று, இரண்டு நாற்பதில் முடிகிறது என்று குறைப்பட்டீர்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், சில வினாடி முன்பின். ஒரு மணி நேரம் தோடியில் நீந்துகிறவரைக் கூப்பிட்டு, மூன்று நிமிடத்தில் ராகம், பல்லவி, அனுபல்லவி, சரணம், ரெண்டு ஆவர்த்தம் ஸ்வரம் எல்லாம் காட்டு என்றால் என்ன செய்வார்? ஓடுவார். மெழுகில் திருத்த முடியாது, தப்பு வந்தால் அந்த மெழுகு போச்சு, இன்னொன்றில் முதலிலிருந்து. அந்தப் பயமும் கேட்கும். உங்கள் தட்டின் கடைசி இருபது வினாடியைக் கவனித்துப் பாருங்கள், காலப்பிரமாணம் சட்டென்று விறுவிறுக்கிறதா? எதிரே நிற்கிறவர் கையைக் காட்டியிருப்பார். நாங்கள் இந்தத் தட்டுகளை வைத்துக்கொண்டு "அந்தக் காலத்தில் எல்லாமே துரித காலம், விச்ராந்தி இல்லை" என்று பேசுவது, ரயில் ஜன்னலில் பார்த்த ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது மாதிரி.

சரி, உங்கள் தட்டின் உண்மையான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு சாட்சி இருக்கிறது. ஒன்று ஹார்மோனியம். அதன் ரீடு மனுஷர் மாதிரி நினைத்த இடத்துக்கு நகராது, ஒரு கட்டையில் இருக்கும் அல்லது அடுத்த அரைக் கட்டையில். இரண்டாவது அந்த அம்மாள் கடைசியில் பேசுகிற ஒரு வரி. பாடுகிற குரலை எந்த சுருதிக்கும் ஏற்றலாம், பேசுகிற குரலை அப்படி ஏற்ற முடியாது. பெரிய மனுஷி பேசுவது பெரிய மனுஷி மாதிரிதான் இருக்கவேண்டும். 78ல் ஹார்மோனியம் எந்த சுருதியில் இருக்கிறது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

பழம்புத்தகம் எழுதியது:

அந்தப் பேச்சு பெரும்பாலும் அவர் பெயராக இருக்கும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் ஒரு ஓட்டல் அறையில் குழாயை மாட்டிப் பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்தபோது, பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைக் கணீரென்று சொன்னார். அது பிறகு அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. ஹனோவரில் இருக்கிற தொழிலாளிக்கு இந்துஸ்தானியும் தெரியாது தமிழும் தெரியாது, எந்த மெழுகு யாருடையது என்று கேட்டுத் தெரிந்து லேபிள் ஒட்டத்தான் இந்த ஏற்பாடு என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்.

உங்கள் தட்டில் பெண் குரல் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தெற்கே அந்த முதல் பத்து வருஷத்தில் தைரியமாகக் குழாய் முன்னால் போய் நின்றவர்களில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று எல்லாரும் தேவதாசி மரபில் வந்த பெண்கள். ஆண் வித்வான்கள் பலர் தயங்கினார்கள். மெஷின் குரலை உறிஞ்சிவிடும், ஆயுள் குறையும் என்று ஒரு பயம். கண்ட கண்ட இடத்தில், காபி கிளப்பில் எல்லாம் நம் பாட்டு ஓடுமே என்று ஒரு கௌரவம். அந்தப் பெண்களுக்கோ வீட்டில் உட்கார்ந்து காக்கவேண்டிய கௌரவம் என்று ஒன்றைச் சமூகம் விட்டுவைக்கவில்லை, தொழில் இருந்தது, சம்பாதிக்கவேண்டியிருந்தது, போனார்கள். இன்றைக்கு 1905 வாக்கில் தென்னாட்டுப் பாட்டு எப்படி இருந்தது என்பதற்கு நம் கையில் இருக்கிற சாட்சியில் பெரும்பங்கு அவர்கள் தொண்டைதான். அவர்களுடைய பெயர்கள் கச்சேரி உலகப் பேச்சில் எவ்வளவு தடவை வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். தனகோடி அம்மாளின் தங்கை காமாட்சி. காமாட்சியின் பிள்ளை நாயனா பிள்ளை, தாளத்தில் அவரை ஜெயிக்க ஆள் இல்லை என்று பேர் வாங்கினவர், 1934 வரை இருந்தார், மைக்கும் வந்துவிட்டது, தட்டு வியாபாரமும் கொடிகட்டிப் பறந்தது. அவர் பாடிய தட்டு ஒன்றுகூடக் கிடையாது. பெரியம்மா குரல் இருக்கிறது, பிள்ளை குரல் இல்லை.

கோயம்புத்தூர் தாயி கதை இன்னும் வேடிக்கை. அவர் பாடின அருட்பா தட்டு ஒன்று மோரிஸ் தெலாஜ் என்கிற பிரெஞ்சு இசையமைப்பாளரிடம் கிடைத்தது. ராவெலின் சீடர், 1912ல் இந்தியா வந்துபோனவர். அந்தத் தட்டை அப்படியே காதால் வாங்கிப் பியானோவுக்கு எழுதி ராகமாலிகா என்று பெயர் வைத்தார். மத்தளச் சத்தம் வரவேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் சொருகச் சொன்னார். வள்ளலார் பாட்டு, பழனியில் வேர் கொண்ட ஒரு தாசி குடும்பத்துப் பெண், ஹனோவர் அரக்கு, பாரிஸ் பியானோ. தாயி 1917ல் 45 வயதில் இறந்துபோனார்.

காவிரிக்கரையான் எழுதியது:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி எல்லாருக்கும்.

ஊசி மாற்றிவிட்டேன். ஊசிமுனை சார், நீங்கள் சொன்ன மாதிரியே பாதி இரைச்சல் போய்விட்டது. சோப்புத் தண்ணீரில் துடைத்தபோது துணியில் வந்த அழுக்கைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள், தட்டே கரைகிறது என்று.

பிடில் அக்கா கேட்ட கணக்கு: என் தம்பி மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள், அவளிடம் சுருதிப்பெட்டியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 78ல் ஹார்மோனியம் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது, ஐந்துக்குக் கொஞ்சம் பக்கத்தில். எந்தக் கட்டையிலும் சரியாக உட்காரவில்லை என்கிறாள். அப்பா "அப்போ ஆறு இல்லையா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

மைலாப்பூர்_பிடில் எழுதியது:

குழந்தைக்கு என் சபாஷ். எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை என்றால் 78 தப்பு என்று முதல் சாட்சி சொல்லிவிட்டது. 76க்குக் கொஞ்சம் மேலே வைத்தால் ஐந்து கட்டையில் உட்காரும். 72 என்றால் நாலரை. 68 என்றால் நாலு. இந்த மூன்றில் ஒன்று. கணினியில் ஆடாசிட்டி மாதிரி ஒலியைத் திருத்துகிற மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் வேகத்தை மாற்றுகிற வசதியை மட்டும் தொடுங்கள், சுருதியை மட்டும் தனியாக மாற்றுகிற வசதி வேண்டாம், காலம் அப்படியே நின்றுவிடும். மூன்றையும் செய்து கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பாட்டைக் கேட்காதீர்கள், பாட்டு ஏமாற்றும்.

செங்கோட்டை_சிவா எழுதியது:

அக்கா, ஒரு சின்ன இடக்கு. அந்த ஹார்மோனியம் எந்த சுருதிக்குச் செய்ததோ? அந்தக் காலத்துப் பெட்டி எல்லாம் இன்றைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியோடு ஒத்துப்போகும் என்று யார் சொன்னது? ஐரோப்பாவிலேயே அப்போது ஊருக்கு ஒரு சுருதி வைத்திருந்தார்கள். ஹார்மோனியமே கால் கட்டை ஏறியிருந்தால் உங்கள் 76, 72, 68 மூன்றும் நகர்ந்துவிடும்.

மைலாப்பூர்_பிடில் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். முதல் சாட்சி கொஞ்சம் சபலபுத்திக்காரன்தான். ஒன்றிரண்டு சுற்று முன்பின் ஆகும். அதனால்தான் இரண்டாவது சாட்சி வேண்டும் என்றேன். நமக்கு இந்த மூன்றில் எந்த இடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தசம ஸ்தானம் யாருக்கு வேண்டும்.

ஊசிமுனை எழுதியது:

நானும் "அவ்வளவுதான்" என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் சிவா. கொட்டகைத் தொண்டையை மறந்துவிட்டேன்.

ஒரு உபகாரம். டர்ன்டேபிளே சரியாக 78ல் சுற்றுகிறதா என்று பார்த்தீர்களா? மலிவு மெஷின்கள் அதிலேயே ஒன்றிரண்டு கூடும். ஒரு வட்ட அட்டையில் சம இடைவெளியில் 77 கோடு போட்டு தட்டு மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 78தான். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை துடிப்பதால் இந்தக் கணக்கு. எல்.இ.டி. பல்பில் பலவற்றுக்கு இது வேலை செய்யாது.

மிச்சத் தட்டுகளுக்கும் ஒரு குறிப்பு. நாய் மார்க் தட்டில் லேபிளுக்கு வெளியே வழவழப்பான வளையத்தில் எண்ணை ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் இருந்தால் 1925க்குப் பிறகு மைக்கில் பதிந்தது. சதுரம் இருந்தால் 1931க்குப் பிறகு. ஒன்றும் இல்லை என்றால் குழாய்க்காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை மூர் மார்க்கெட் 1985ல் எரிவதற்கு முன்னால் நான் சின்னப் பையனாக அங்கே சுற்றும்போது ஒரு கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது. அவர் தட்டைக் கையில் எடுத்ததும் லேபிளைப் பார்க்கமாட்டார், வெளிச்சத்தில் சாய்த்து அந்த வளையத்தைத்தான் பார்ப்பார்.

காவிரிக்கரையான் எழுதியது:

ஒரு வாரமாக இதே வேலை. வீட்டு புரோக்கர் இரண்டு தடவை வந்துபோய்விட்டார், நான் கோட்டு அட்டையை வைத்துக்கொண்டு பழைய டியூப்லைட்டுக்கு அடியில் நிற்கிறேன். மெஷின் சரியாகத்தான் சுற்றுகிறது.

கடைசி வரியை மட்டும் வெட்டி மூன்று வேகத்தில் வைத்துக் கேட்டோம். 76ல் அவசரக்காரப் பெண்ணொருத்தி கோபமாகப் பேசுகிற மாதிரி. 68ல் தூக்க மாத்திரை போட்டவர் மாதிரி, நாக்கு குழறுகிறது. 72ல் போட்டவுடன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நடுவயது அம்மாள். முதலில் சன்னமாகத் தொண்டையைச் செருமுகிறார், இதுவரை அதை நான் தட்டில் இருக்கிற கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பெயரைச் சொல்கிறார். முதல் பகுதி விரிசல் போகிற இடத்தில் மாட்டிக்கொண்டு டக் டக்கென்று விழுங்கிப்போகிறது, "அம்மாள்" மட்டும் தெளிவாக இருக்கிறது. அதற்கும் பின்னால், பள்ளம் முடிவதற்கு முன், தூரத்தில் ஒரு ஆண் குரல் "பேஷ்" என்கிறது. ஹார்மோனியக்காரராக இருக்கலாம்.

பாட்டும் இப்போது இரண்டு நிமிடம் 53 வினாடி வருகிறது. நாலரைக் கட்டையில் அப்பாவே கூடச் சேர்ந்து முனகினார், ஆனந்தபைரவி என்கிறார். பிடில் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கடைசியில் ஓட்டம்தான், சரணத்தில் ஒரு வரியை விட்டுவிட்டே போகிறார் என்று அப்பா சொல்கிறார். ஒலிப்பதிவை ஏற்றியிருக்கிறேன், திருத்தாமல் 78ல் ஒன்று, 72ல் ஒன்று. சிவா அண்ணனுக்காக 76லும் ஒன்று.

யார் என்றுதான் தெரியவில்லை.

பழம்புத்தகம் எழுதியது:

கேட்டேன். மூன்று தடவை. பெயரின் முதல் எழுத்து "க"வா "த"வா என்று எனக்கும் பிடிபடவில்லை, ஊகித்துச் சொல்லி ஒரு தப்புப் பெயரை அந்தத் தட்டில் ஒட்டிவிட விரும்பவில்லை. எண் முழுதாகக் கிடைத்தால் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டுவிடலாம். லேபிள் போனால் போகிறது, அதே எண் தட்டிலேயே குத்தியிருக்கும். சென்னை வந்தால் ரோஜா முத்தையா நூலகத்திலும் ஒரு நடை கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் பழைய இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. அந்த ஆனந்தபைரவி வரி அச்சில் எங்காவது கிடைக்கலாம்.

ஊசிமுனை எழுதியது:

எண்ணைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள், எல்லாம் வெள்ளையாகிவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, லேபிளைச் சுற்றி நாலு பக்கமும் எடுத்துப் போடுங்கள். சில எண் லேபிள் காகிதத்துக்கு அடியிலேயே அமுங்கியிருக்கும், காகிதத்தைச் சுரண்டாதீர்கள், சாய்ந்த வெளிச்சத்தில் மேட்டுப் பள்ளம் தெரியும்.